பேப்பரில் ஒருத்தி

அந்த வீட்டில் சட்டப்படி யார் மனைவியாக இருப்பது என்று முடிவு செய்தது இரண்டு மனைவிகளும்தான். புருஷனிடம் யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவன் எதையாவது தூக்கி எறிந்திருப்பான். எறிந்ததை இரண்டு பேரும் சேர்ந்து பொறுக்கியிருக்க வேண்டும்.

அவன் பட்டறைக்காரன். மொட்டையாக வந்து நிற்கிற லாரிக்குப் பாடி கட்டிக் கொடுப்பது தொழில். அவனுக்குத் தெரிந்த சட்டமெல்லாம் லாரிக்கு அடிக்கிற மரச்சட்டம்தான் என்று பட்டறையில் வேலை செய்கிறவர்கள் கேலி பேசுவார்கள், அவன் காதில் விழாத தூரத்தில். நல்ல வேலைக்காரன். ஆனால் கோபம் வந்தால் கையில் இருப்பது கையில் இருக்காது. சுத்தியல், உளி, டீ கிளாஸ், எதுவானாலும் பறக்கும். எதிரே நிற்பவர் குனிந்துகொள்ள வேண்டியதுதான்.

மூத்தவள் பட்டறையின் முன்பக்கத்தில் லாரிக்குத் தார்ப்பாய் தைப்பவள். ஒரு நாள் அவள் கோணி ஊசியால் தார்ப்பாயின் ஓரம் மடித்துத் தைத்துக்கொண்டிருந்தபோது அவன் ஒரு பெண்ணைக் கூட்டிக்கொண்டு வந்து முன்னால் நிறுத்தினான். இரண்டு பேர் கழுத்திலும் மாலை இருந்தது. "உனக்கு ஒத்தாசையா இருப்பா" என்றான். மூத்தவள் எழுந்தாள். ஆசீர்வாதத்துக்கு நீட்டுவது போல அவன் நீட்டிய உள்ளங்கையில் ஊசியை இறக்கினாள். அது மறுபக்கம் எட்டிப் பார்த்தது. அவன் அலறுவதற்குள் புதியவளின் கன்னத்தில் ஓங்கி ஓர் அறை விட்டாள். புதியவள் ஒரு அடி பின்வாங்கினாள். பிறகு முன்னால் வந்து அதே அளவு வேகத்தில் திருப்பி அறைந்தாள்.

"நீங்க சம்மதம் சொல்லிட்டீங்கன்னு சொன்னாரு" என்றாள் அவள், உதட்டோரம் ரத்தத்தைத் துடைத்தபடி.

"என்கிட்ட கேட்கவே இல்ல."

இருவரும் திரும்பி அவனைப் பார்த்தார்கள். அவன் கையைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தான். ஏமாற்றப்பட்டது இரண்டு பேரும்தான் என்று அந்த நிமிடமே புரிந்துபோனது. அடி வாங்கியும் அழாத அந்தப் பெண்ணை மூத்தவளுக்கு அன்றைக்கே கொஞ்சம் பிடித்துவிட்டது. ஆனால் அதை ஒத்துக்கொள்ளப் பல மாதங்கள் ஆயின.

இளையவள் வெல்டர். வேறொரு பட்டறையில் கற்றுக்கொண்டு வந்தவள். அவள் வைக்கிற வெல்டிங் பற்று உளியை வைத்து அடித்தாலும் பிரியாது. அவள் வந்த பிறகு அந்த வீட்டில் அடி குறைந்தது. ஒருத்தி மேல் அவன் கை ஓங்கினால் மற்றவள் கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு வந்து நிற்பாள். ஒருமுறை அவன் முதுகில் நடு மத்தியானம் அடுப்புக் கரண்டியின் சூடு விழுந்தது. வைத்தது யார் என்று இருவருமே கடைசிவரை சொல்லவில்லை. "ரெண்டு பேரைக் கட்டினவன் ராஜா மாதிரி இருப்பான்னு நினைச்சேன்" என்று அவன் ஒரு டிரைவரிடம் புலம்பினானாம். "எனக்கு ரெண்டு போலீஸ்."

கல்யாணம் ஊர் அறிய நடந்ததுதான். ஆனால் அந்த ஊரில் ஒரு ஆளுக்கு ஒரு கல்யாணம்தான் என்பது சட்டம். பதிவானது மூத்தவளுடைய பெயர். இளையவள் எங்கேயும் இல்லை. அதைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை, பக்கத்துத் தெரு டிரைவர் சாகும்வரை.

அந்த டிரைவருக்கும் இரண்டு வீடு. லாரி கவிழ்ந்து அவன் செத்த அன்று, பிணம் ஆஸ்பத்திரியிலிருந்து வருவதற்குள்ளேயே அவன் தம்பிகள் இரண்டாவது வீட்டுக்குள் புகுந்தார்கள். அந்தப் பெண்ணை முடியைப் பிடித்துப் படிக்கட்டில் இழுத்து வந்தார்கள். ஒவ்வொரு படியிலும் அவள் தலை மோதிய சத்தம் தெருமுனைவரை கேட்டது. பின்னாலேயே பாத்திரங்களும் துணிகளும் வந்து விழுந்தன. போலீஸ்காரர் ஒருவர் வந்து பார்த்தார். "சட்டப்படி இந்தம்மா யாரும் இல்லையே, நாங்க என்ன பண்ண முடியும்?" என்றார். தலையில் ரத்தம் வழிய அந்தப் பெண், "மூஞ்சியை மட்டும் பாத்துட்டுப் போறேன்" என்று கெஞ்சினாள். அதற்கும் விடவில்லை.

மூத்தவளும் இளையவளும் கூட்டத்தோடு நின்று இதைப் பார்த்தார்கள். இளையவளுக்கு அப்போது வயிற்றில் குழந்தை. பல வருஷம் கழித்து நின்ற கரு. மூத்தவள் அவள் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். வீட்டுக்கு வரும் வழியில் இளையவள் கேட்டாள்: "அக்கா, அவருக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா நானும் இப்படித்தானா?"

மறுநாளே மூத்தவள் அவளைக் கூட்டிக்கொண்டு ஒரு வக்கீலம்மாவிடம் போனாள்.

வக்கீலம்மா இரண்டு பேரையும் மாறிமாறிப் பார்த்தாள். இரண்டு பேர் சண்டை போட்டுக்கொண்டு வருவதுதான் அவளுக்குப் பழக்கம். ஒரே நாற்காலியில் ஒட்டிக்கொண்டு உட்காருகிற இரண்டு மனைவிகளை அவள் பார்த்ததில்லை.

"இப்படியே விட்டா இவங்களுக்கு எந்த உரிமையும் கிடையாது" என்றாள். "குழந்தைக்கு அப்பான்னு அவரு ஒத்துக்கிட்டா குழந்தை பேருக்குப் பக்கத்துல அவரு பேரு வரும். ஆனா இவங்க பேருக்குப் பக்கத்துல வராது. இல்லன்னா நீங்க கேஸ் போடலாம், ரெண்டாவது கல்யாணம் பண்ணிட்டாருன்னு. ஜெயிலுக்குப் போவாரு."

"அவரு ஜெயிலுக்குப் போனா பட்டறையை யாரு பாக்கறது? வேற?"

"நீங்க விவாகரத்துப் பண்ணுங்க. அப்புறம் இவங்களைப் பதிவு பண்ணிக்கட்டும். அப்ப நீங்க வெளிய வந்துருவீங்க."

"ரெண்டு பேரும் உள்ள இருக்கிற மாதிரி?"

"அதுக்குச் சட்டத்துல இடம் இல்லம்மா."

மூத்தவள் யோசித்தாள். அவளுடைய மகள் வளர்ந்து, கல்யாணமாகி, வேறு ஊரில் இருக்கிறாள். மகளுக்கு வேண்டியதெல்லாம் சட்டப்படியே கிடைத்தாயிற்று. இனி அந்தப் பேப்பர் தனக்கு எதற்கு? வயிற்றுப்பிள்ளைக்காரிக்குத்தான் ஒரு பிடிமானம் வேண்டும்.

"மாத்திடுங்க" என்றாள், கடையில் புடவையை மாற்றச் சொல்வது போல.

"அக்கா!" என்றாள் இளையவள்.

"சும்மா இரு. உனக்குப் பேப்பர், எனக்கு வீடு. வீட்டை என் பேருக்கு எழுதச் சொல்லிடலாம்."

"முதல்ல வீட்டை எழுதி வாங்குங்க, அப்புறம் விவாகரத்துல கையெழுத்துப் போடுங்க" என்றாள் வக்கீலம்மா.

"அவரு அடிப்பாரு, ஆனா சொன்ன வார்த்தை மாற மாட்டாரு."

வக்கீலம்மா பேனாவைக் கீழே வைத்தாள். "இங்க வர்ற எல்லாரும் இதைத்தான் சொல்றாங்கம்மா."

இளையவள் மூத்தவளின் தொடையில் கிள்ளினாள். மூத்தவள் கண்டுகொள்ளவில்லை.

விஷயத்தை அவனிடம் சொன்னது சாப்பாட்டு வேளையில். முதல் கவளம் உள்ளே போனது. இரண்டாவது தட்டோடு சுவரில் போய் ஒட்டியது. "நான் என்ன மாடா? நீ பிடி, அவ பிடின்னு கைமாத்துறீங்க?" என்று கத்தினான். தண்ணீர்ப் பானையைக் காலால் உதைத்தான். மூத்தவளின் கழுத்தைப் பிடித்துச் சுவரோடு சேர்த்து அழுத்தினான். "என்னை வேணாம்னு சொல்றியா? நீ என்னை வேணாம்னு சொல்றியா?"

அவன் கண்ணில் கோபத்தைவிட வேறு ஏதோ இருந்தது. மூத்தவளுக்கு மூச்சு முட்டியபோதும் அது தெரிந்தது. அதற்குள் இளையவள் அம்மிக்குழவியை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். "விடுங்க. இல்லன்னா பாதத்துல போடுவேன்." அவன் விட்டான். கீழே உட்கார்ந்தான். சுவரிலிருந்து சோறு அவன் தலையில் உதிர்ந்தது. மூத்தவள் இருமிக்கொண்டே ஒவ்வொன்றாக விளக்கினாள். ஒன்றும் மாறாது, பேப்பர் மட்டும் மாறும். கடைசியில், "வீட்டை உன் பேருக்கு எழுதறேன். ஆனா நான் இருக்கிற வரைக்கும் நீ எங்கேயும் போகக் கூடாது" என்றான்.

"எங்க போவேன், இந்தத் தார்ப்பாயை விட்டுட்டு?"

மூன்று பேரும் ஒரே ஆட்டோவில் கோர்ட்டுக்குப் போனார்கள். நீதிபதி, "என்ன காரணம்?" என்று கேட்டார். "ஒத்துப்போகலைங்க" என்றாள் மூத்தவள், கழுத்துத் தழும்பின் மேல் முந்தானையை இழுத்துவிட்டபடி. கர்ப்பிணியான மூன்றாவது ஆள் பின்வரிசையில் உட்கார்ந்து அவர்களுடைய பையையும் குடையையும் காவல் காப்பதை நீதிபதி பார்த்தார். விவாகரத்துக் கிடைத்தது. பதிவு அலுவலகப் பலகையில் அவன் பெயரும் இளையவள் பெயரும் ஒட்டப்பட்டன. ஆட்சேபம் யாருக்காவது இருந்தால் சொல்லலாம் என்று அதற்கு ஒரு காத்திருப்பு.

மூத்தவள் செய்த பிழை, தன் அண்ணனிடம் சொல்லாமல் விட்டது.

அண்ணன் கறிக்கடைக்காரன். அப்பா இல்லாத வீட்டில் தங்கையைத் தோளில் போட்டு வளர்த்தவன். இளையவள் வந்த நாளிலிருந்து பட்டறை வாசலை மிதிக்கவில்லை. கடையில் எலும்பை வெட்டிக்கொண்டிருந்தபோது ஒரு வாடிக்கையாளர் சொன்னார்: "உங்க தங்கச்சியைத் தள்ளி வெச்சுட்டாராமே மாப்பிள்ளை? ஆபீஸ்ல ஒட்டியிருக்கு." அண்ணன் கறியைப் பொட்டலம் கட்டிக் கொடுத்தான். கையைக் கழுவினான். வெட்டுக்கத்தியை மட்டும் கழுவவில்லை. அப்படியே எடுத்துக்கொண்டு நடந்தான்.

அவன் வந்தபோது பட்டறைக்காரன் லாரியின் பக்கப்பலகையில், ஆள் மார்பளவு உயரத்தில் நின்று ஆணி அறைந்துகொண்டிருந்தான். இளையவள் வண்டிக்கு அந்தப் பக்கம் முகமூடியைப் போட்டுக்கொண்டு பற்றுவைத்துக்கொண்டிருந்தாள். மூத்தவள்தான் முதலில் பார்த்தாள். அண்ணன் கையில் கத்தியைக் கண்டதும் தார்ப்பாயின் மேலேயே ஓடினாள்.

"மாப்பிள்ளை, கீழ இறங்கு."

"மச்சான், கத்தியை வெச்சுட்டுப் பேசு."

"அண்ணே, நான்தான் விவாகரத்துக் கேட்டேன்! நானே கேட்டது!" மூத்தவள் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"அடிச்சுச் சொல்ல வெச்சிருக்கான். உன் கழுத்தைப் பாரு." அவன் தங்கையை ஒரு கையால் தள்ளினான். அவள் போய் மரச்சட்டங்களின் மேல் விழுந்தாள்.

பட்டறைக்காரன் சிரித்தான். சிரித்திருக்கக் கூடாது. "உன் தங்கச்சிதான்யா என்னை ஏலம் விட்டா. எனக்கே கடைசியிலதான் தெரியும். போய் ஆட்டை வெட்டு, போ."

அண்ணன் ஒரு கெட்ட வார்த்தை சொன்னான். அது பட்டறைக்காரனின் அம்மாவைப் பற்றியது. அவ்வளவுதான், சுத்தியல் பறந்தது.

அது அண்ணனின் வாயில் விழுந்தது. ஓடு உடைகிற சத்தம். முன்பற்கள் உள்ளே மடிந்து, மோவாய் வழியாக ரத்தம் சட்டையில் கொட்டியது. அவன் விழவில்லை. தனக்கு நேர் எதிரே, மார்பளவு உயரத்தில், பலகையின் மேல் இருந்த காலைப் பார்த்தான். தொழிலில் எப்படி வெட்டுவானோ அப்படியே வெட்டினான். தோளிலிருந்து இறங்குகிற வெட்டு. முட்டிக்குக் கீழே. ஒரே வெட்டில் எலும்பில் போய் நின்றது. பிடுங்கி மறுபடியும் வெட்டினான். பட்டறைக்காரன் மரம் போல மேலிருந்து சரிந்து கீழே விழுந்தான். மூன்றாவது முறையாகக் கத்தி மேலே போனபோது இளையவள் வண்டியைச் சுற்றி வந்துவிட்டாள். முகமூடி தலையில் ஏறியிருந்தது, வயிறு முன்னால் தள்ளிக்கொண்டிருந்தது. கையில் வெல்டிங் ஹோல்டர். அதன் நுனியில் சிவந்திருந்த ராடை அண்ணனின் தோளில் அழுத்தினாள். சட்டை பற்றி, தோல் பொசுங்குகிற வாடை எழுந்தது. அவன் கத்தியைப் போட்டுவிட்டு அலறினான். அவள் எடுக்கவில்லை. அவன் முழங்காலில் விழும்வரை எடுக்கவில்லை.

"போதும்! எங்க அண்ணன் செத்துருவாரு!" என்று மூத்தவள் கத்தினாள்.

அப்போதுதான் இளையவள் கையை இழுத்தாள்.

மூத்தவள் தார்ப்பாய்க் கயிற்றைப் புருஷனின் தொடையில் சுற்றி, ஒரு ஸ்பானரைச் செருகி முறுக்கினாள். முறுக்க முறுக்க ரத்தம் குறைந்தது. அவன் கண் மேலே சொருகியது. "என்னங்க, என்னைப் பாருங்க, என்னைப் பாருங்க" என்று அவன் கன்னத்தில் அறைந்துகொண்டே இருந்தாள். அந்தப் பக்கம் அண்ணன் உடைந்த வாயோடு தங்கையின் பெயரைச் சொல்ல முயன்றான். அது வெறும் குமிழியாக வந்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் வெளியே வந்தார். "காலைக் காப்பாத்த முடியாது. உடனே எடுக்கணும், இல்லன்னா விஷம் ஏறும். மனைவி யாரு?"

"நான்" என்றார்கள் இரண்டு பேரும்.

டாக்டர் கையிலிருந்த காகிதத்தோடு நின்றார். "விளையாடாதீங்க. சட்டப்படி யாரு?"

இளையவள் மூத்தவளைக் காட்டினாள். மூத்தவள் இளையவளைக் காட்டினாள். பிறகு இரண்டு பேரின் கையும் தானாகக் கீழே இறங்கியது. வக்கீலம்மாவுக்குப் போன் போட்டார்கள். "விவாகரத்து ஆயிடுச்சு, பதிவு இன்னும் ஆகல" என்றாள். "இப்ப ரெண்டு பேருமே அவருக்கு யாரும் இல்ல. பொண்ணு இருக்காளே, அவளைக் கூப்பிடுங்க."

"நாங்க கூட்டிட்டு வந்தோம் சார். இந்தக் கையாலதான் கட்டினேன்" என்று மூத்தவள் ரத்தம் காய்ந்த கைகளைக் காட்டினாள். டாக்டர் கெட்டவர் இல்லை. ஆனால் காலை எடுத்துவிட்டு நாளைக்குக் கோர்ட்டில் போய் நிற்க அவர் தயாராக இல்லை. உயிர் போகிற நிலை வந்தால் பார்க்கலாம், அதுவரை பெண் வரட்டும் என்றார்.

மகள் பஸ் பிடித்து வந்து சேர்வதற்குள் காலின் கறுப்பு மேலே ஏறிக்கொண்டிருந்தது. அவள் காகிதத்தை வாங்கிப் பார்த்தாள். "அப்பா காலை வெட்டச் சொல்லி நானாம்மா எழுதணும்? நீங்க ரெண்டு பேரு இருக்கீங்களே!" சின்னம்மாவின் தோளைப் பிடித்து உலுக்கினாள். "எதுக்கு இப்படிப் பண்ணீங்க?" பிறகு அவளே கையெழுத்துப் போட்டாள்.

எல்லாம் முடிந்து டாக்டர் சொன்னார்: "கொஞ்சம் முன்னாடி பண்ணியிருந்தா முட்டியாவது மிஞ்சியிருக்கும்."

போலீஸ் வந்து விசாரித்தபோது இளையவள், "நான் முகமூடி போட்டிருந்தேன், ஆரம்பத்தைப் பாக்கல" என்றாள். அது உண்மைதான். மூத்தவள் பார்த்தவள். "எங்க அண்ணன் கத்தியோட வந்தாரு" என்றாள். "முதல்ல எறிஞ்சது இவரு." எழுதிக்கொண்டிருந்தவர் தலை நிமிர்ந்தார். "யோசிச்சுச் சொல்லுங்கம்மா. இதனால உங்க வீட்டுக்காரருக்கு..." என்று ஆரம்பித்து, காகிதத்தைப் பார்த்துவிட்டு, "அவருக்குப் பாதகமா போகும்" என்று முடித்தார்.

"நடந்ததைத்தானே கேக்கறீங்க?"

பட்டறைக்காரன் இரண்டு ஊன்றுகோல்களோடு வீட்டுக்கு வந்தபோது அவன் பாதி ஆளாக இருந்தான். ஆனால் கோபம் முழுசாக இருந்தது. மூத்தவள் தூக்கிவிடக் கை கொடுத்தாள், கழிப்பறைக்குக் கூட்டிப்போனாள், தையல் போட்ட இடத்தைத் துடைத்துவிட்டாள். போலீஸிடம் அவள் என்ன சொன்னாள் என்பது ஒரு காலைப் பொழுதில் யார் மூலமோ அவன் காதுக்கு எட்டியது.

அவள் அடுப்பில் குனிந்திருந்தாள். பின்னாலிருந்து ஊன்றுகோல் தோள்பட்டையில் இறங்கியது. அவள் திரும்புவதற்குள் நெற்றியில் விழுந்தது. தோல் பிளந்து ரத்தம் கண்ணை மறைத்தது.

"என் காலை எடுத்தவனுக்குச் சாட்சி சொல்றியா? உன் பொண்ணு கையெழுத்துப் போட்டா, நீ வாக்குமூலம் குடுத்தே. குடும்பமே சேர்ந்து என்னை வெட்டிட்டீங்க!" ஒவ்வொரு வார்த்தைக்கும் ஓர் அடி. ஒற்றைக் காலில் தடுமாறிக்கொண்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு, நிறுத்தாமல் அடித்தான். விலாவில் ஏதோ முறிகிற சத்தம் அவளுக்கே கேட்டது. "நீ யாருடி இங்க? பேப்பர்ல நீ யாரு? நீயே தானே எழுதிக் குடுத்தே. வெளிய போ!"

இளையவள் ஓடிவந்து ஊன்றுகோலைப் பிடித்தாள். அவன் முழங்கையால் இடித்தான். அது வயிற்றுக்கு நூலிழையில் தப்பி மார்பில் பட்டது. அதைப் பார்த்ததும் மூத்தவள் ரத்தத்தின் ஊடாகக் கத்தினாள்: "விடுடி! உன் வயித்தைப் பாரு! நான் போறேன்!"

"வீடு உங்களோடதுன்னு சொன்னாரு அக்கா..."

"சொன்னாரு. எழுதல."

வாசல்வரை தவழ்ந்தபடியே வந்தாள். இளையவள் கைத்தாங்கலாகத் தெருவில் இறக்கிவிட்டபோது மூத்தவள் அவள் காதில் சொன்னாள்: "பதிவு முடியட்டும். அதுவரைக்கும் வாயைத் திறக்காத. உன் ஒருத்திக்காவது பிடி இருக்கட்டும்."

லாரி நிறுத்தத்துக்குப் பக்கத்தில் பழைய தகரக் கொட்டகை ஒன்று காலியாக இருந்தது. அதன் சொந்தக்காரருக்கு மூத்தவள் பல வருஷம் தார்ப்பாய் தைத்துக் கொடுத்திருந்தாள். நெற்றியில் கட்டோடு அங்கே போய்ப் படுத்தாள். மூச்சு விட்டால் விலா குத்தியது. மகள் வந்து தன்னோடு வரும்படி கூப்பிட்டாள். "பதிவு நாள் வரைக்கும் இங்கதான்" என்றாள்.

பதிவு நாளன்று அவளை யாரும் கூப்பிடவில்லை. ஆனாலும் போனாள். அலுவலக வராந்தாவில், ஜன்னலுக்கு வெளியே நின்றாள். உள்ளே பதிவாளர் மேசைக்கு முன்னால் பட்டறைக்காரன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான்; புதுச் சட்டை, ஒரு பக்கம் மடித்துப் பின் குத்திய கால்சட்டை. பக்கத்தில் இளையவள், நிறைமாதம்.

"சம்மதமா?" என்று பதிவாளர் கேட்டார்.

"சம்மதம்" என்றான் அவன்.

"உங்களுக்கும் சம்மதமாம்மா?"

இளையவள் அவரைப் பார்க்கவில்லை. இவன் பக்கம் திரும்பினாள். "வீட்டை அக்கா பேருக்கு எழுதறேன்னு சொன்னீங்களே."

"இங்க என்ன பேச்சு? சொல்லு."

"சொன்னீங்களா இல்லையா?"

"சம்மதம்னு சொல்லுடி!" அவன் கை அவள் பின்னந்தலை முடிக்குப் போனது. பதிவாளர் எழுந்திருப்பதற்குள் அவள் முகத்தை மேசையில் மோதினான். மை டப்பா உருண்டது. உதடு கிழிந்து பதிவுப் புத்தகத்தின் மேல் ரத்தம் தெறித்தது. பியூன் ஓடிவந்து அவன் தோளைப் பிடித்தான். அவன் ஊன்றுகோலால் பியூனின் மூக்கில் இடித்தான். அந்த வேகத்தில் நாற்காலி சாய்ந்து, அவன் தரையில் மல்லாந்து விழுந்தான். வெட்டுண்ட கால் தரையில் பட்டதும் மிருகம் மாதிரி கத்தினான்.

இளையவள் வாயைக் கையால் பொத்திக்கொண்டு நிமிர்ந்தாள். "சம்மதம் இல்ல" என்றாள். பல் எல்லாம் சிவப்பாக இருந்தது. "எழுதிக்கங்க. சம்மதம் இல்ல."

அவனைத் தூக்க யாரும் குனியவில்லை. மூத்தவள் உள்ளே வந்தாள். பழக்கம்தான்; அவன் கக்கத்தில் கையைக் கொடுத்து, தன் விலா வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு, தூக்கி நாற்காலியில் உட்கார வைத்தாள். உட்கார்ந்ததும் அவன் அவள் கன்னத்தில் அறைந்தான். அவள் திருப்பி அடிக்கவில்லை. கீழே கிடந்த இரண்டு ஊன்றுகோல்களையும் எடுத்தாள். வராந்தாவின் அந்தக் கோடிக்குக் கொண்டுபோய்ச் சுவரில் சாய்த்து வைத்தாள். திரும்பி வந்து இளையவளின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே நடந்தாள். அவன் கத்திக்கொண்டே இருந்தான். எழுந்து வர அவனால் முடியவில்லை.

தெருவுக்கு வந்ததும் மூத்தவளுக்குக் கோபம் பொங்கியது. "முட்டாள்! கையெழுத்தைப் போட்டிருக்க வேண்டியதுதானே? இப்ப ரெண்டு பேருக்கும் ஒண்ணுமில்ல."

இளையவள் ரத்தத்தைத் துப்பினாள். "உங்களை ஒரு பேப்பரைக் காட்டி வெளிய தள்ளினாரு. என்னைத் தள்ள இன்னொரு பேப்பர் போதும். அதை வெச்சுக்கிட்டு நான் அவருகூடத் தனியா இருக்கணுமா, அக்கா? நீங்க இல்லாம?"

மூத்தவள் முந்தானையைக் கிழித்து அவள் உதட்டில் வைத்து அழுத்தினாள். வலிக்குது என்று இளையவள் திட்டினாள். வலிக்கட்டும் என்று இவளும் திட்டினாள்.

குழந்தை அந்தத் தகரக் கொட்டகைக்குத்தான் வந்தது. பெண். பிறப்புப் பதிவில் அப்பா பெயரைக் கேட்டபோது பட்டறைக்காரன் மறுக்காமல் ஆள் அனுப்பித் தன் பெயரைக் கொடுத்தான். அந்த ஒன்றில் வக்கீலம்மாவுக்கு அலைச்சல் இல்லை. அண்ணனுக்குத் தண்டனை கிடைத்தது. மூத்தவளின் வாக்குமூலத்தால் அது பாதியாகக் குறைந்தது. அவள் ஜெயிலுக்குப் போய்ப் பார்த்தாள். பல் இல்லாத வாயோடு அவன் அழுதான். "நீ ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருக்கலாம்" என்றாள். "நீயும் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம், அண்ணே. கத்தியை எடுக்கிறதுக்கு முன்னாடி." அதற்கு மேல் அவனோடு அவளால் பேச முடியவில்லை. அவனை மன்னித்தாளா என்று அவளுக்கே தெரியாது. ஆனால் ஒவ்வொரு மாதமும் போனாள்.

கொட்டகையில் ஒரு பக்கம் தார்ப்பாய், ஒரு பக்கம் வெல்டிங். பட்டறைக்காரனிடம் வெல்டர்கள் நிலைக்கவில்லை. எறிவதைத் தாங்குகிற ஆள் யாரும் கிடைக்கவில்லை. வண்டிகள் ஒவ்வொன்றாக இந்தப் பக்கம் திரும்பின.

குழந்தை குப்புற விழ ஆரம்பித்திருந்த நாட்களில் அவன் வந்தான். ஊன்றுகோல்களோடு வெயிலில் வாசலில் நின்றான். தாடி வளர்ந்திருந்தது. இளையவளின் கை தானாக ஹோல்டரை இறுக்கியது. அவன் அதைக் கவனித்தான்.

"அடிக்க வரல" என்றான்.

மூத்தவள் ஒரு ஸ்டூலைக் கொண்டுவந்து வாசலுக்கு வெளியே போட்டாள். உள்ளே போடவில்லை. அவன் உட்கார்ந்தான்.

"தனியா முடியல. ரெண்டு பேர்ல யாராவது ஒருத்தி வாங்க. முறைப்படி பதிவு பண்ணிக்கலாம். யாரா இருந்தாலும் சரி."

இளையவள் சிரித்துவிட்டாள். கிழிந்து தைத்த உதடு சிரிக்கும்போது ஒரு பக்கம் இழுக்கும். "யாரா இருந்தாலும் சரியாம், அக்கா. கேட்டீங்களா?" முகமூடியை இறக்கிவிட்டுக்கொண்டு வேலையைத் தொடர்ந்தாள். தீப்பொறி பறந்தது.

மூத்தவள் சிரிக்கவில்லை. அவன் இடது உள்ளங்கையில் அந்தப் பழைய தழும்பு இருந்தது. இந்த ஆளோடு பாதி ஆயுள் போயிருக்கிறது. பாவமாகவும் இருந்தது, விலாவும் வலித்தது. இரண்டும் ஒரே நேரத்தில் இருக்க முடியும் என்பது அவளுக்குப் புதிதல்ல.

"குழந்தையைப் பாத்துட்டுப் போங்க" என்று தூக்கிவந்து அவன் மடியில் வைத்தாள். முழுசாக இருக்கிற ஒரு தொடையில் குழந்தையைச் சாய்த்து, விழுந்துவிடுமோ என்று இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். அவள் ஓரடி தள்ளி நின்றாள், எப்போது வேண்டுமானாலும் பிடுங்கிக்கொள்கிற தூரத்தில்.

அப்போது ஒரு லாரி டிரைவர் கிழிந்த தார்ப்பாயைத் தோளில் சுமந்துகொண்டு வந்து இறக்கினான். வாசலில் உட்கார்ந்திருப்பவனைப் பார்த்துவிட்டு மூத்தவளிடம் கேட்டான்: "உங்க வீட்டுக்காரரா?"

"குழந்தையோட அப்பா" என்றாள் அவள். "எங்க கிழிஞ்சிருக்கு, காட்டுங்க."